உண்ணத் தகுந்தது

அந்தத் தாளின் கடைசி வரி இங்கிலீஷில் ஏற்கெனவே அச்சடித்திருக்கும்: "இந்த அரிசி மனிதர் உண்ணத் தகுந்தது." அதற்குக் கீழே கையெழுத்துப் போடுவதுதான் செஞ்சியில் துரைக்கண்ணுவின் ரைஸ் மில்லில் எனக்கு வேலை. லேபில் ஈரப்பதம் பார்ப்பேன். நொய் எவ்வளவு என்று எடை போடுவேன். தட்டில் பரப்பி வண்டு தேடுவேன். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. முதல் பட்டதாரி என்று தாசில்தார் கொடுத்த சான்றிதழ் எங்கள் வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதே மில்லில் என் நைனா மதலைமுத்து இருபத்திரண்டு வருடமாக மூட்டை தூக்குகிறார். நைனா தூக்கும் மூட்டைக்கு மகள் கையெழுத்து. வருகிறவர்களிடம் எல்லாம் முதலாளி இதைச் சொல்லிப் பெருமைப்படுவார், ஏதோ அவரே எங்களைப் பெற்ற மாதிரி.

ஐந்து மாதம் முன்பு டோகோ நாட்டுக்கு ஒரு லோடு போனது. குடோன் ஒழுகி நனைந்து, மஞ்சள் பூத்துப்போன புழுங்கலரிசி. மறுபடி பாலிஷ் போட்டு வெள்ளையாக்கினார்கள். வாடை மட்டும் போகவில்லை. நான் கையெழுத்துப் போடாமல் தாளை நிறுத்தி வைத்தேன்.

"இன்னா ஸ்டெல்லா, ஆராய்ச்சி பண்றியா?" என்று முதலாளி லேபுக்கே வந்துவிட்டார். "ஆப்பிரிக்காவுக்குப் போறது. அவங்க இன்னாத்த கண்டாங்க? கெடச்சா போதும்னு துன்னுவாங்க. போடு, போடு."

போட்டேன். பயந்து போட்டேன் என்று சொன்னால் கேட்கிறவர்கள் இரக்கப்படுவார்கள். எனக்கு அந்த இரக்கம் வேண்டாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆப்பிரிக்கா என்று எனக்குத் தெரிந்ததெல்லாம், சிஸ்டர்கள் பள்ளிக்கூடத்தில் உண்டியல் குலுக்கும்போது காட்டிய, விலா எலும்பு தெரிகிற ஒரு குழந்தையின் படம்தான். அந்தக் குழந்தைக்கு இது போதும் என்று நினைத்தேன்.

போன அமாவாசை அன்று அந்தக் குழந்தை மில்லுக்கு வந்தது.

அறுபது வயது அம்மா ஒருவர். பச்சைக் கிளிகள் அச்சடித்த துணியில் உடுப்பு, அதே துணியில் தலைக்கட்டு, கையில் கனமான தோல் பை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற அமாவாசை ஸ்பெஷல் பஸ்கள் ரோட்டை அடைத்துக்கொண்டதில் கார் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறது. அந்த எரிச்சலோடு இறங்கினார். பெயர் அஃபி. டோகோவின் லோமே நகரத்துச் சந்தையில் அரிசி மொத்த வியாபாரி. சென்னை ஏஜெண்டைத் தள்ளிவிட்டு நேராக வந்திருந்தார். அவருடைய சந்தை இங்கிலீஷை நான் தமிழாக்க வேண்டும்.

முதலாளி இளநீர் கொடுத்தார். "அவங்க ஜனங்க பசியாறினா நமக்கும் புண்ணியம்தான்னு சொல்லு."

சொன்னேன். அந்த அம்மா இளநீரைக் கீழே வைத்தார்.

"எங்கள் பசியை இவரிடம் யார் ஒப்படைத்தது? நாங்கள் நாற்பது பெண்கள் சேர்ந்து வாங்குகிறோம். சொந்தக் குடோன் இருக்கிறது, நாலு லாரி இருக்கிறது. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் என் தங்கை மகளைப் படிக்கவைத்தோம். அவள் கெமிஸ்ட்."

பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்று நான் கையெழுத்துப் போட்டது. மற்றது லோமேயில் அந்தப் பெண் செய்த சோதனை. பூஞ்சை விஷத்தின் பெயர், அளவு, தேதி, கீழே சின்னதாக ஒரு கையெழுத்து.

"எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் அவள்தான். நீயும் கெமிஸ்ட்ரிதானே? இரண்டு பேரில் யார் ஒழுங்காகப் படித்தது?"

அந்த முகம் தெரியாத பெண் மேல்தான் எனக்கு முதலில் கோபம் வந்தது. ஓங்கி அறையலாம் போல இருந்தது.

"பாதி விற்ற பிறகுதான் தெரிந்தது," என்றார் அஃபி. "வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் போய்த் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தோம். சில வீடுகளில் அதற்குள் தின்றுவிட்டார்கள்."

"கப்பல்ல ஈரம் பட்டிருக்கும்னு சொல்லு," என்றார் முதலாளி.

அதையும் சொன்னேன். அஃபி பைக்குள் கையை விட்டார். ஒரு பொட்டலத்தை எடுத்து என் முன்னால் போட்டார். அதே லோடு அரிசி. "வேகவை."

லேபில் சாம்பிள் வேகவைக்கிற அடுப்பு உண்டு. கொதி வந்ததும் வாடை ரூம் முழுக்க ஏறியது.

"இப்போது இவரைச் சாப்பிடச் சொல்," என்றார் அஃபி.

முதலாளி நெற்றி விபூதியைத் தொட்டுக் காட்டினார். "இன்னிக்கி அமாவாச, நான் ஒரு பொழுதுன்னு சொல்லு. ஸ்டெல்லா துன்னட்டும். ரேஷன் அரிசி துன்னு வளந்த ஒடம்பு, அதுக்கு ஒண்ணும் ஆவாது." சிரித்தார். வாசலில் கொக்கியோடு நின்ற நைனாவைப் பார்த்து, "இன்னா மதலை, நான் சொல்றது?" என்றார்.

நைனா சிரிக்கவில்லை.

தட்டு என் கையில் இருந்தது. இந்த வாடை எனக்குத் தெரியும். அம்மா ஏழு தண்ணீர் மாற்றிக் கழுவியும் சோற்றில் மிச்சம் இருந்த வாடை. மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன்.

"துன்னமாட்டேன்."

"இன்னாது?"

"நான் வேதக்காரி, அமாவாச விரதம் கிடையாது. இருந்தாலும் துன்னமாட்டேன். ரேஷன் அரிசி துன்னவளுக்குத்தான் மொதலாளி இது இன்னான்னு தெரியும்."

அவர் முகம் கறுத்தது. அஃபிக்கு அர்த்தம் புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது. எழுந்து நேராக குடோனுக்குள் போனார். அவருக்கான புது லோடு அங்கே மூட்டை மேல் மூட்டையாக அட்டி போட்டுத் தயாராக இருந்தது, ஆளுயரத்துக்கு மேல். பையிலிருந்து சொந்தக் குத்தூசியை எடுத்து வெளி வரிசை மூட்டைகளில் குத்தினார். அந்த இரும்புக் குழல் வழியாக அவர் உள்ளங்கையில் அரிசி கொட்டியது. நல்ல வெள்ளை. முதலாளிக்கு மூச்சு திரும்ப வந்தது.

உள்ளே இருப்பது எனக்குத் தெரியும். மழையில் நனைந்ததில் மிச்சம். அடுக்கியது நைனா. அன்று மாலை நான் கையெழுத்துப் போடுவதாக இருந்தது.

"நைனா, மூணாவது வரிசைலேர்ந்து ஒண்ணு இறக்கு."

"மதலை! மூட்டைல கைய வெச்சே, நாளைலேர்ந்து இந்தப் பக்கம் வராத. அப்பனும் வராத, மவளும் வராத!"

நைனா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு அட்டி மேல் ஏறி, முன் மூட்டைகளைத் தள்ளிவிட்டு, உள்ளே கொக்கியைப் போட்டு இழுத்தார். மூட்டை விழுந்து தையல் விட்டது. அரிசி மஞ்சள் கட்டிகளாக உருண்டது.

அஃபி எனக்கு நன்றி சொல்லவில்லை. இரண்டு தாளை நீட்டினார். ஒன்று இந்த லோடுக்கு நான் மாலை கையெழுத்துப் போட வேண்டிய தாள். இன்னொன்று நான் போன தடவை கையெழுத்துப் போட்டது.

"இரண்டிலும் உண்மையை எழுது. பழையதில் எழுதினால் கேஸ் வரும்போது முதலில் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். யோசித்து எழுது."

புதுத் தாளில் எழுதக் கஷ்டமே இல்லை. பழைய தாளில்தான் பேனா நின்றது. "எழுதாத ஸ்டெல்லா, உள்ள போயிடுவ," என்று முதலாளி திடீரென்று பாசமாகச் சொன்னார். அந்தக் கடைசி வரியை அடித்தேன். 'தெரிந்தேதான் போட்டேன்' என்று எழுதி, தேதி போட்டு, என் முழுப் பெயரையும் எழுதினேன்.

அஃபி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "ஊரில் போய் உன்னை நல்லவள் என்று சொல்லமாட்டேன்," என்றார். கார் கதவைச் சாத்தினார்.

நானும் நைனாவும் வெளியே வந்தோம். ரோடு முழுக்க ஸ்பெஷல் பஸ். வேலை போனதற்கு நைனா சண்டை போடுவார் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தபிறகு நின்றார்.

"போன தடவ அந்த மூட்டைங்கள தூக்கும்போதே எனக்கு வாட அடிச்சுது மா," என்றார். "எம்பொண்ணு பாத்திருப்பா, படிச்ச புள்ள, அவ கையெழுத்து போட்டா சரியாத்தான் இருக்கும்னு தூக்கினேன்."

கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.