அணையாத சிவப்பு விளக்கு

ஷாலி ஓட்டினால் பேட்டரி ஏறுகிறது. சௌதா ஓட்டினால் ஏறுவதில்லை. ஒரே படகு, ஒரே எஞ்சின், ஒரே ஒயர். கென்யாவின் லாமு தீவுத் துறையில் பத்தொன்பது வருடமாகப் படகு எஞ்சின் பார்க்கும் ஷாலிக்கு இது மட்டும் பிடிபடவே இல்லை.

சௌதாவின் பாய்மரப் படகுக்கு வயது நாற்பது. அதில் வெளியூர்க்காரர்களை மண்டா தீவுப் பக்கம் கூட்டிப் போவதுதான் அவள் பிழைப்பு. போன மாதம் ஷாலி அதன் டீசல் எஞ்சினைப் பிரித்து மாட்டினான், ஒயர்களைப் புதிதாக இழுத்தான், குண்டு பல்புகளைக் கழற்றிவிட்டு எல்லா இடத்திலும் எல்இடி போட்டான். அதற்குப் பிறகு இரண்டு தடவை, நடுக் கால்வாயில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டு தடவையும் மீன்காரர்கள் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

துறையில் காப்பி விற்பவரைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் சிரித்த சிரிப்பில் ஷாலி வாயை விட்டுவிட்டான்: "மூணாவது வாட்டி நின்னுச்சுன்னா, துறையிலேர்ந்து கோட்டை வரைக்கும் கழுதை மேல திரும்பி உட்கார்ந்து போறேன்!"

மெக்கானிக்கை அந்த ஊரில் 'ஃபுண்டி' என்பார்கள். அன்றிலிருந்து பார்ப்பவர்கள் எல்லாம், "ஃபுண்டி, வெள்ளைக் கழுதையா, சாம்பல் கழுதையா?" என்று அன்போடு விசாரிக்கிறார்கள்.

இன்று காலை மீட்டரோடு படகில் ஏறினான். எஞ்சினைக் கிளப்பி ஒரு முறுக்கு முறுக்கினான். முள் பதினாலு வோல்ட்டில் போய் நின்றது.

"பாத்தீங்களா சௌதாக்கா? படகு நல்லாத்தான் இருக்கு. உங்க கைராசிதான் சரியில்ல."

"இப்படி அலற விட்டா? டீசல் என்ன கிணத்துத் தண்ணியா?" சௌதா எஞ்சினை அணைத்தாள். "கையைக் கட்டிட்டு அந்த மூலையில உட்காரு. நான் ஓட்டுறேன்."

அவள் எஞ்சினைக் கிளப்பியது கேட்கவே இல்லை, அத்தனை மெதுவாக. அப்படியே முனகவிட்டுக் கால்வாயில் போனாள். முள் பன்னிரண்டைத் தாண்டவில்லை.

"அக்கா, கொஞ்சம் முறுக்குங்களேன்."

"கை!"

கையைக் கட்டியபடியே ஷாலி சாவிப் பலகையைப் பார்த்தான். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எஞ்சின் ஓடினால் அது அணைய வேண்டும்.

"இது எப்பவும் எரியுமா?"

"நாள் பூரா எரியுது. புது விளக்கு அணையவே அணையாதுன்னு நீதானே பெருமை அடிச்ச?"

ஷாலிக்குக் காது சுட்டது. பாய் ஏறியதும் சௌதா எஞ்சினை அணைத்தாள்.

"அக்கா, ஒரு டீ கிடைக்குமா?" என்றான் பவ்யமாக.

அவள் உள்ளே இறங்கியதுதான் தாமதம், போன மாதம் கழற்றிய பழைய குண்டு பல்பைப் பையிலிருந்து எடுத்தான். பலகையைப் பாதி கழற்றுவதற்குள் அவள் தலை மேலே வந்துவிட்டது.

"என்னடா திருடுற?"

மாட்டிக்கொண்டான். சொல்லித்தான் ஆக வேண்டும்.

"பேட்டரிக்குக் கரண்ட் ஏத்துற அல்டர்னேட்டருக்குள்ள இருக்கிறது வெறும் இரும்புக்கா. கரண்ட் பாஞ்சாத்தான் அது காந்தமாகும். காந்தமானாத்தான் கரண்ட் எடுக்கும். அதனால முதல்ல பேட்டரி அதுக்கு ஒரு மடக்கு குடுத்து எழுப்பணும். அந்த மடக்கு போற வழி இந்தச் சிவப்பு பல்புதான். குண்டு பல்பு தாராளமா விடும். எல்இடி சொட்டு சொட்டாத்தான் விடுது."

"அப்போ உனக்கு மட்டும் எப்படி ஏறுது?"

"இரும்புல எப்பவும் கொஞ்சம் காந்தம் மிச்சம் ஒட்டிட்டிருக்கும். நான் வேகமா சுத்தவிட்டா அதுவே போதும், தானா முழிச்சிக்கும். நீங்க தாலாட்டுறீங்க, தூங்குது."

"தப்பு யாரோடது?"

ஷாலி கடலைப் பார்த்தான். "பல்போடது."

சௌதாவுக்குச் சிரிப்பு முட்டியது. "சரி, மாட்டு. நான் மெதுவாத்தான் ஓட்டுவேன். முள் ஏறினா கழுதையை விட்டுடறேன். ஏறலைன்னா இதை மூணாவதா எழுதிக்கிட்டு இப்பவே துறைக்குத் திருப்புறேன்."

பழைய பல்பை மாட்டினான். அவள் எஞ்சினைக் கிளப்பினாள், வழக்கமான முனகலில். சிவப்பு விளக்கு ஒரு கணம் எரிந்து, அணைந்தது. முள் பதின்மூன்றுக்கு நகர்ந்தது, பதினாலுக்கு ஏறி அங்கேயே நின்றது. மற்ற விளக்குகளெல்லாம் எல்இடியாகவே இருக்கலாம்; சிவப்பு விளக்குக்கு மட்டும் குண்டு பல்பு வேண்டும்.