ஆறாவது துண்டு

என் முதுகுக்குப் பின்னால் எனக்கு ‘துடைச்சாச்சா’ என்று பெயர். வைத்தவள் என் நாத்தனார். வீட்டுக்காரரின் தங்கையாயிற்றே என்று நான்தான் சிபாரிசு செய்து இந்த ஆய்வகத்தில் சேர்த்துவிட்டேன். அதற்குக் கிடைத்த பட்டம் இது.

பெயர் பொருத்தம்தான். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சதைத் துண்டை மெழுகில் புதைத்து, முடியைவிட மெல்லியதாகச் சீவி, வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி எடுப்பது எங்கள் வேலை. ஒருவருடையது முடிந்ததும் தண்ணீரின் மேல் ஒரு காகிதத்தை இழுத்துத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மிதக்கும் மிச்சம் அடுத்தவர் ஸ்லைடில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் பொழுதன்றைக்கும் கேட்டுக்கொண்டிருப்பேன், துடைச்சாச்சா என்று. நாத்தனாரிடம் கொஞ்சம் அதிகமாகவே கேட்பேன்.

வியாழக்கிழமை காலையில் டாக்டரம்மா கூப்பிட்டார். மைக்ராஸ்கோப்பில் ஒரு பஸ் ஓட்டுநரின் ஸ்லைடு இருந்தது. வயிற்றிலிருந்து கிள்ளி எடுத்த துண்டுகள்.

“அஞ்சு துண்டு சுத்தமா இருக்கு. இந்த ஆறாவதுல மட்டும் புற்று.”

“குறிப்புல அஞ்சுன்னுதானே இருக்கு, டாக்டர்?”

“ஒண்ணு ரெண்டா உடைஞ்சிருக்கலாம். ரெண்டு மணிக்கு அவரும் மனைவியும் வர்றாங்க. புற்றுன்னு எழுதினா வயித்தை எடுத்துடுவாங்க. இல்லைன்னு எழுதி, நிஜமாவே இருந்துட்டா ஆளே போயிடுவார். எனக்கு உறுதியா தெரியணும்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “புதுசா வந்தவங்க சீவினதா?” என்றார்.

“பார்த்துச் சொல்றேன்” என்றேன். மனதுக்குள் தீர்ப்பே எழுதி முடித்துவிட்டேன். ஸ்லைடின் ஓரத்தில் சீவியவரின் குறியைப் பென்சிலால் போட்டிருப்போம். அதைப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஓட்டுநரின் மெழுகுக் கட்டியை எடுத்து அடிவரை சீவினேன். நாத்தனார் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு சாயமேற்றினாள். எல்லா ஸ்லைடிலும் ஐந்தே துண்டுகள். ஆனால் டாக்டரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ஆறாவது மிகச் சின்னது, முதல் சீவலிலேயே தீர்ந்துபோயிருக்கலாம் என்றார். மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது.

“அண்ணி, அது வேற யாரோடதாவது இருந்தா, அவங்க ஸ்லைடுல அந்த இடம் காலியா இருக்குமில்ல?” என்றாள் நாத்தனார்.

சொன்னதோடு நிற்கவில்லை. பதிவேட்டில் விரலை ஓட்டி, முந்தின நாள் ஓட்டுநருக்குச் சற்று முன்னால் சீவியதை எடுத்து வந்தாள். அறுவை சிகிச்சையில் எடுத்த வயிற்றுக் கட்டி அது. அந்த ஸ்லைடில் ஒரு மூலை பிய்ந்திருந்தது. அதே கட்டியைப் புதிதாகச் சீவிப் பார்த்தோம். மூலை முழுசாக இருந்தது. ஆறாவது துண்டின் அதே வளைவு, நடுவில் அதே ரத்தக்குழாய். டாக்டரம்மா இரண்டையும் நாலைந்து முறை மாற்றி மாற்றிப் பார்த்தார். ‘புற்று இல்லை’ என்று எழுதினார். எதற்கும் மூன்று மாதத்தில் இன்னொரு முறை சோதிக்கச் சொல்கிறேன் என்றார்.

அப்போதுதான் முந்தின நாள் சீவிய இரண்டு ஸ்லைடுகளையும் ஒன்றாகக் கையில் எடுத்தேன். இரண்டிலும் பென்சிலில் என் குறி.

புதன்கிழமை காலை கண்முன் வந்தது. அந்தக் கட்டியைச் சீவி முடித்த கையோடு நாத்தனாரின் மேசைக்குப் போய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தொட்டியைத் துடைக்கவில்லை என்று அவளை வாங்கு வாங்கென்று வாங்கினேன். அந்தக் கோபத்தோடு திரும்பி வந்து ஓட்டுநருடையதை எடுத்தேன். என் தொட்டியைத் துடைக்கவே இல்லை.

“உனக்கு எப்போ தெரியும்?”

“காலையிலயே குறியைப் பார்த்தேன், அண்ணி.”

“ஏன் வாயைத் திறக்கல?”

“முதல்ல அந்த மனுஷனோட வயித்தைக் காப்பாத்துவோம்னுதான்.”

வெட்கமாக இருந்தது. தவறுப் பதிவேட்டை எடுத்தேன். அதில் அவள் பெயரை இரண்டு முறை எழுதியது நான்தான். இப்போது என் பெயரை எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில், ‘அடுத்தவர் தொட்டியைத் துடைக்கவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தேன்’ என்று எழுதினேன். டாக்டரம்மா படித்துவிட்டு, சிரிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

இரண்டரை மணிக்கு ஓட்டுநரும் மனைவியும் நடைவழியில் போனார்கள். அந்த அம்மாள் அவர் சட்டைக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதாள். கதவுக்குப் பின்னால் நின்று நானும் அழுதேன். ஆறாவது துண்டின் சொந்தக்காரர் நாளை வருகிறார். அவருடைய அறிக்கையில் மாற்றி எழுத எதுவும் இல்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு மேசைக்கு வந்தேன். வேலை குவிந்து கிடந்தது. அடுத்தவருடைய மெழுகுக் கட்டியை இயந்திரத்தில் பொருத்தினேன்.

“அண்ணி” என்றாள் நாத்தனார், தலையைத் தூக்காமலே. “துடைச்சாச்சா?”

தொட்டியைப் பார்த்தேன். மதியம் சீவிய வயிற்றுக் கட்டியின் மிச்சம் இன்னும் மிதந்துகொண்டிருந்தது.

“இல்லம்மா” என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை எடுத்தேன்.