மாதாவின் பெட்டிக்குள் ஒரு துவக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அது உண்மைத் துவக்கு இல்லை. பிளாஸ்ரிக் குண்டு சுடுகிற சாமான். இதைச் சொல்லாமல் கதையைத் தொடங்கினால் ஆக்கள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். ஐம்பத்திநாலு வயதில் உனக்கென்ன விளையாட்டுத் துவக்கு என்று கேட்பவர்களுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாகக் கனடாவில், பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் சாமான் தூக்குகிற போர்க்லிவ்ற் ஓட்டுகிறேன். கொம்பியூட்டர் சொல்கிற தட்டில் சாமானை ஏற்றி, கொம்பியூட்டர் சொல்கிற நேரத்தில் சாப்பிட்டு, அது பீப் என்றால் எழும்புகிறேன். சீமோன் என்ற மனிசனுக்கு ஒரு ஆசை இருக்கக்கூடாதா?

ஆசையைக் கிளப்பிவிட்டவன் என்னோடு வேலை செய்கிற ஸுபைர். சாப்பாட்டு நேரத்தில் போனைக் காட்டினான். முதலாம் உலகப் போரில் இங்கிலீசுச் சிப்பாய்கள் தூக்கிய பழைய துவக்கின் நகல், அரைவிலை. படத்தில் மரம் தேக்குப் போலப் பளபளத்தது. மனிசி செலீனின் கண்ணில் படாமல் இருக்க ஸுபைரின் வீட்டு விலாசத்தைக் கொடுத்து ஓடர் போட்டேன். வந்ததைத் திறந்து பார்த்தால் மரம் பிளாஸ்ரிக். மர வரிகளைக்கூட ஒரு பக்கத்தில்தான் கீறியிருந்தார்கள், மற்றப் பக்கத்துக்கு வரும்போது பெயின்ற் முடிந்துவிட்டதாக்கும். முனை ஆடியது. சுட்டால் குண்டு இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

ஆனால் அந்த போல்ற். பக்கத்தில் ஒரு கைபிடி இருக்கும். அதைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்கவேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் அப்படித்தான். சடக், சடக் என்று நான் சொன்னபடி நடக்கும். வேலையிலும் வீட்டிலும் என் சொல் கேட்கிற ஒரே சாமான் அதுதான். எனக்கு அதில் உயிர். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

மூன்றாம் நாள் பெருமை தாங்காமல் அதைச் செலீனுக்குக் காட்டினேன். அது நான் செய்த முதல் விசர் வேலை. குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டு நின்றவள் கத்தியை வைத்துவிட்டு, முதுகு பிரிட்ஜில் முட்டும்வரை பின்னால் போனாள்.

"உதை வெளியிலை கொண்டு போங்கோ," என்றாள்.

"இஞ்சேர், இது விளையாட்டுச் சாமான்."

"தெரியுது. வெளியிலை கொண்டு போங்கோ."

செலீன் மன்னார்க்காரி. அவளுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது வீட்டைச் சோதனை போட வந்த ஆமிக்காரன் ஒருவன் சோற்றுப் பானைக்குள் துவக்கு முனையை விட்டுக் கிண்டிப் பார்த்தானாம். அன்றைக்கு அந்த வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை. கலியாணம் கட்டிய இருபத்தைந்து வருடத்தில் இதை இரண்டு தரம்தான் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு மூன்றாம் தரம் சொன்னாள்.

"உந்தச் சாமானுக்குப் பயந்துதானே இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள். நீங்கள் என்னெண்டால் காசு குடுத்து வாங்கிக்கொண்டு வாறியள்."

எனக்குச் சுருக்கென்றது. அடுத்த நாளே ஸுபைரிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னேன். கொடுக்கத்தான் நினைத்தேன். கார்வரைக்கும் கொண்டுபோனேன். கடைசியாக ஒருக்கால் என்று போல்ற்றை இழுத்துப் பார்த்தேன், அதோடு சரி. துவக்கு திரும்பி வந்து பேஸ்மென்றில், வீட்டைச் சூடாக்குகிற பேர்னஸுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. செலீன் கேட்டாள்.

"குடுத்தாச்சோ?"

"குடுத்தாச்சு."

"இனி உது இந்த வீட்டிலை இல்லை?"

"இல்லை."

"மாதாவாணை?"

பிரிட்ஜ் கதவில் காந்தத்தோடு ஒட்டியிருந்த மாதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாதாவாணை," என்றேன்.

வாய் தவறி வந்துவிட்டது என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் அதுவும் பொய். மாதா பெயரில் பொய்ச் சத்தியம் பண்ணினவன் என்று செலீனுக்குத் தெரியவந்தால் இருபத்தைந்து வருடமும் தண்ணீரில் போய்விடும் என்று எனக்கு அந்த நேரமே தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

அதன் பிறகு மூன்று கிழமை நன்றாகத்தான் போனது. எனக்குக் காலை வேலை, செலீனுக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பின்னேர வேலை. மகள் ஒட்டாவாவில் படிக்கிறாள். செலீன் வெளிக்கிட்டதும் கீழே இறங்கி, பழைய போர்வை ஒன்றைத் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் வெறும் சோடா டின்களை அடுக்கிச் சுடுவேன். பத்துக்கு ஒன்று விழும். ஒரு விசயம்தான் விளங்கவில்லை. நான் சுடாத நாட்களிலும் குண்டுப் பை மெலிந்துகொண்டு வந்தது. எலிதான் தின்கிறது என்று முடிவுகட்டி, பீனட் பட்டர் பூசி இரண்டு பொறி வைத்தேன்.

"என்னத்துக்கு எலிப்பொறி?" என்று செலீன் கேட்டாள்.

"கீழை எலி நடமாடுது."

"ஓம், எலியாய்த்தான் இருக்கும்," என்றுவிட்டுப் போய்விட்டாள்.

ஒக்ரோபர் செபமாலை மாதம். எங்கள் தமிழ்ப் பங்கில் அந்த மாதம் முழுக்க மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு இரவு தங்கும், சனம் கூடிச் செபமாலை சொல்லிச் சாப்பிடும், அடுத்த நாள் அடுத்த வீடு. சுரூபம் நாலடி. அது பயணம் போவதற்கு ஒரு பலகைப் பெட்டி, அடியில் தடித்த ஸ்பொஞ்ச், மேலே நீல வெல்வெற். இரண்டு பேர் தூக்கிவந்து எங்கள் ரெக்ஸ்டேல் ரவுண்ஹவுஸ் வாசலில் இறக்கியபோது பக்கத்து வீட்டுக்காரன் சவப்பெட்டியாக்கும் என்று பாட்டை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

அன்றைக்குப் பார்த்து, ஆண்களுக்குச் சாப்பாடு பேஸ்மென்றில் என்று செலீன் அறிவித்தாள். வருகிறவர்களில் அருள்நாயகம் ஒருவர். மனிசன் பேர்னஸ் திருத்துகிறவர், எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுப் பேர்னஸைச் சுற்றிப் பார்க்காமல் கோப்பையில் கை வைக்க மாட்டார். கராஜில் சமையல். கார் டிக்கியில் ரோல்ஸ் தட்டுகள். படுக்கையறைக் கட்டிலில் எல்லாருடைய கோட்டுகளும். என்னுடைய வீட்டில் எனக்கு ஒரு சாமான் வைக்க நாலடி இடம் இல்லை.

அப்போதுதான் மேல்மாடி மூலையில் மாதாவின் வெறும் பெட்டியைக் கண்டேன். மாதா படுக்கிற மெத்தைக்குக் கீழே ஆர் கை வைக்கப்போகிறார்கள்? ஸ்பொஞ்சைத் தூக்கித் துவக்கை அடியில் வைத்து மூடிவிட்டேன். நாளைக்குப் பின்னேரம் ஏழு மணிக்குத்தான் மாதா வெளிக்கிடுகிறார், நான் வேலையால் மூன்று மணிக்கே வந்துவிடுவேன். என்னுடைய மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த நாள் மூன்று மணிக்கு வந்தால் மாதாவும் இல்லை, பெட்டியும் இல்லை.

"கிறிஸ்துநாயகம் அண்ணை பத்து மணிக்கே வானோடை வந்து கொண்டு போட்டார்," என்றாள், அன்றைக்கு வேலைக்கு லீவு எடுத்திருந்த செலீன். "மாலை கட்ட நேரம் வேணுமாம்."

"பெட்டியோடையோ?"

"பின்னை, மாதாவைச் சீற்பெல்ற் போட்டு இருத்தியே கொண்டு போறது?"

கிறிஸ்துநாயகம் செபமாலைக் குழுத் தலைவர். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்து ஓய்வுபெற்று முப்பது வருடமாகிறது, ஆனால் அந்தக் கழுத்து ரையை இன்னும் கழற்றவில்லை. ஆர் வீட்டில் செபம் பிந்தித் தொடங்கியது, ஆர் வீட்டில் ரோல்ஸ் ஆறியிருந்தது என்று ஒரு பைல் வைத்திருக்கிறார். முழு ரொறன்ரோவிலும் அந்தத் துவக்கு போகக்கூடாத வீடு ஒன்று இருந்தால் அது றிச்மண்ட் ஹில்லில் அவருடைய வீடுதான்.

"வெளிக்கிடு, நேரத்தோடை போவம்," என்றேன்.

"உங்களுக்கு எப்ப இருந்து இவ்வளவு பக்தி?"

என்னதான் விரட்டினாலும் அவள் சீலை உடுத்தி முடிய ஆறு மணி. கட்டணம் எடுக்கிற நானூற்றேழு றோட்டால் போனேன், அது என் வாழ்க்கையில் மூன்றாம் தரம். அங்கே வாசலில் ஏற்கனவே சப்பாத்துகள் குவிந்திருந்தன. உள்ளே சனம் சத்தமில்லாமல் இருந்தது. மாதாவுக்கு முன்னால் கிறிஸ்துநாயகம் ரையோடு நின்றார். இரண்டு கையிலும் அவணுக்குப் போடுகிற தடித்த கையுறை. மேசையில் நீல வெல்வெற்றுக்குக் கீழே நீளமாக ஒன்று கிடந்தது.

"செபத்துக்கு முதல் ஒரு விசயம்," என்றார். "என்ரை மனிசி கிளடிஸ் ஸ்பொஞ்சுக்கு வக்கியூம் பிடிக்க எண்டு தூக்கினவ. உள்ளுக்கை இது கிடந்தது."

வெல்வெற்றைத் தூக்கினார். சனம் மூச்சை உள்ளே இழுத்தது.

"விளையாட்டுச் சாமான்தான். பதினாலு வயசுக்கு மேற்பட்டவைக்கு எண்டு அடியிலை ஸ்ரிக்கர் ஒட்டிக் கிடக்கு. ஆனாலும் மாதாவின்ரை படுக்கையிலை துவக்கு. இது ஆற்றை?"

நான் நிலத்துக் கார்ப்பெற்றைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப ஒரே வழிதான். மாதா வந்துபோன வீட்டுக்காரர் ஒவ்வொருத்தராய் வந்து, மாதாவின்ரை காலிலை கைவைச்சு, என்ரை இல்லை எண்டு சத்தியம் பண்ணுங்கோ."

வரிசை தொடங்கிவிட்டது. முதலாவதாக அருள்நாயகம், அடுத்தது அமிர்தநாதர். எல்லாரும் பயமில்லாமல் போய்க் காலைத் தொட்டார்கள், அவர்களுக்கென்ன. எனக்கு முன்னால் நாலு பேர், மூன்று பேர். ஓமென்று சொன்னால் செலீன் என்னை இனிப் பார்க்கமாட்டாள். இல்லையென்று சொன்னால் இரண்டாவது பொய்ச் சத்தியம், அதுவும் காந்தத்தில் இல்லை, காலிலேயே. உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். மாதா சாட்சியாகத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது.

"அது என்ரை."

சொன்னது நான் இல்லை. எனக்குப் பின்னால் நின்ற செலீன்.

கிறிஸ்துநாயகம் கையுறையோடு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்யப் பார்த்தார். "உம்முடையதோ, செலீன்?"

"ஓம் அண்ணை. வீடு முழுக்கச் சனம். வைக்க இடமில்லை. மாதாட்டைக் குடுத்து வைச்சனாங்கள்."

"மாதாட்டைத் துவக்கையோ குடுக்கிறது?"

"வேறை ஆரிட்டைக் குடுக்கிறது? உங்களிட்டையோ?"

பின்வரிசையில் கிளடிஸ் அக்கா முதலில் சிரித்தா. பிறகு சனம் முழுக்கச் சிரித்தது. கிறிஸ்துநாயகம் செபமாலையைத் தொடங்கிவிட்டார், அவருக்கு வேறு வழியில்லை. சாப்பாடெல்லாம் முடிந்து வெளிக்கிடும்போது வாசல்வரை வந்து, துவக்கைப் போர்வையில் சுற்றிச் செலீனிடம் கொடுத்தார். குரலைத் தாழ்த்தி, "உது உண்மையாய்ச் சுடுமோ?" என்று கேட்டார்.

காரில் நான்தான் தொடங்கினேன். "செலீன், நான் அண்டைக்கு..."

"றோட்டைப் பாருங்கோ."

பார்த்தேன். கொஞ்சத் தூரம் போனபிறகு அவளே சொன்னாள். "நீங்கள் ஒளிச்ச மற்றக் கிழமையே கண்டிட்டன். எங்கடை வீட்டிலை பேர்னஸ் பில்ற்றர் மாத்துறது ஆர்?"

இருபத்தைந்து வருடத்தில் நான் ஒருநாளும் அதை யோசித்ததில்லை.

"குப்பையிலை எறியத்தான் எடுத்தனான். உள்ளுக்கை என்ன கிடக்கு எண்டு பாக்க அந்தப் பிடியை இழுத்தன். ஒரு சின்ன வெள்ளைப் பிளாஸ்ரிக் குண்டு. சிரிப்பு வந்திட்டுது. பிறகு அழுகை வந்தது. பிறகு உங்கடை டின்னைப் பாத்துச் சுட்டன்."

"பட்டதோ?"

"ரெண்டாம் சூட்டிலை."

"அது இடப்பக்கம் இழுக்குமே?"

"அதுக்குத்தானே வலப்பக்கமாய்ப் பிடிக்கிறது."

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. "அப்ப எலி?"

"நான்தான்," என்றாள். "ஒவ்வொரு நாளும் காலமை, நீங்கள் வேலைக்குப் போனாப் பிறகு. இண்டைக்குக் காலமை போய்ப் பாத்தன், காணேல்லை. மனிசன் கடைசியிலை சொன்ன சொல்லைக் காப்பாத்திப்போட்டார் எண்டு நினைச்சன். சந்தோசப்பட வேணும், எனக்கு ஒரு மாதிரிப் போச்சுது." மடியில் கிடந்த போர்வையைச் சரிசெய்தாள். "சுட்ட முதல் நாள் இரவு நல்லா நித்திரை கொண்டனான். எத்தினை வருசத்துக்குப் பிறகு எண்டு எனக்கே தெரியாது."

இருபத்தைந்து வருடமாகப் பக்கத்தில் படுக்கிறவன் நான். அவள் நித்திரை கொள்வதில்லை என்று எனக்குத் தெரியாது. துவக்கு வாங்கின வெட்கத்தைவிட, பொய்ச் சத்தியம் பண்ணின வெட்கத்தைவிட, அதுதான் எனக்குப் பெரிய வெட்கமாக இருந்தது. அதைச் சொன்னேன். அவள் என் தோளில் ஒருக்கால் தட்டினாள்.

"ஆனால் மாதாவுக்கு முன்னாலை நான் பொய் சொல்லேல்லை," என்றாள் வீட்டு வாசலில் இறங்கும்போது. "அது என்ரைதான். நீங்கள் சொன்னதுதான் பொய். அதுக்குச் செபமாலை ஐம்பத்துமூண்டு மணியும் முழங்காலிலை."

அதுதான் இப்போது குசினியில் பிரிட்ஜுக்கு முன்னால் முழங்காலில் நிற்கிறேன். காந்த மாதா பார்த்துக்கொண்டிருக்கிறார். கீழே சடக், சடக், பிறகு டங். நான் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி முடிக்க அவள் ஒரு டின்னை விழுத்துகிறாள். என்னால் பொறுக்க முடியவில்லை, படிப்பக்கம் தலையை நீட்டினேன்.

"செலீன், எனக்கும் ஒருக்கா."

"எத்தினையாம் மணி?"

"இருபத்தேழு."

"முடிச்சுப்போட்டு வாங்கோ."

கீழே இன்னொரு டின் விழுந்தது. நான் இருபத்தெட்டாம் மணியைப் பிடித்தேன்.