புகைக்கூடத்தில் தொங்கிய சுருட்டு

சன்னாசிக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். எது ஈரமானாலும் புகைக்கூடத்தில் தொங்கவிடுவான். பதினாறு வருஷம் ரப்பர் ஷீட்டுகளை அப்படித்தான் உலர்த்தினான். ஜப்பான்காரன் வந்த பிறகு ரப்பர் வாங்க ஆளில்லை. கம்புகள் காலியாகக் கிடந்தன. கை சும்மா இருக்காமல் கருவாட்டைத் தொங்கவிட்டான். வேட்டியைத் தொங்கவிட்டான். மழையில் நனைந்த கோயில் குடையையும் தொங்கவிட்டான். கடைசியில் துரையின் சுருட்டுகளை ஒவ்வொன்றாக நூலில் கட்டித் தொங்கவிட்டான்.

மலாயாவில் மம்பாவ் பக்கத்துத் தோட்டத்தை விட்டு வெள்ளைக்காரத் துரை ஓடியபோது மறந்துவிட்டுப் போன சுருட்டுகள் அவை. தோட்டத்தை மேற்பார்க்க வந்த நகாயாமா பங்களா அலமாரியில் அவற்றைக் கண்டெடுத்தார். பெட்டியில் கரையான். சுருட்டின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை. சுத்தம் செய்து வைக்கும்படி சன்னாசியிடம் கொடுத்தார். ஷீட்டில் வெள்ளை பூத்தால் தரம் போய்விடும் என்று சன்னாசிக்குத் தெரியும். துடைத்தான், கட்டினான், தொங்கவிட்டான். பெட்டியை உடைத்துப் புகைக்கூட அடுப்பிலேயே வைத்தான். நல்ல வாசனை மரம், நல்ல புகை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டான்.

ஒரு வாரம் கழித்து நகாயாமா அதில் ஒன்றைப் பற்றவைத்தார். காய்ந்த அத்தாப்பு ஓலைக் கூரை போல அது குப்பென்று பிடித்தது. ஒரு பக்கம் மட்டும் நெருப்பு ஓடி, மறுபக்கம் தோணி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. நகாயாமாவின் இடது புருவத்தில் பாதி போயிற்று.

சன்னாசிக்கு இரண்டு அறை விழுந்தன. பிறகு நகாயாமா சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, அதில் சன்னாசியின் பெயரை எழுதினார். சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் அனுப்பும் பட்டியல் அது. முன்பு லாரியில் ஏறியவர்கள் ஒருவரிடமிருந்தும் கடிதம் வரவில்லை.

"அடுத்த வெள்ளிக்கிழமை போர்டிக்சன் போகும் வழியில் மேஜர் வருகிறார். இந்தச் சுருட்டைத்தான் கொடுக்கப்போகிறேன். ஒழுங்காக எரிந்தால் இந்தப் பெயரை அடிப்பேன். எரியாவிட்டால் இவன் முதல் லாரி" என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு பக்கத்தில் நின்ற, தோட்டக் கணக்கெழுதும் கிராணியைப் பார்த்தார். "நீ காலேஜ். நீ சரி செய்."

"சரி" என்றான் கிராணி திருநாவுக்கரசு.

அவன் சென்னையில் கல்லூரி படித்தவன். சுருட்டைப் பற்றி அங்கே எதுவும் சொல்லித்தரவில்லை. அவன் மனைவி வள்ளிநாயகி காய்ச்சலில் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து யார் எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லிவிடுவான். அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு என்றார்கள். சரி. காலையில் கிழக்கே பார்த்து ஜப்பான் சக்கரவர்த்திக்குக் குனிந்து வணங்கு என்றார்கள். சரி. குனிவதில் அவனுக்குக் கஷ்டம் எதுவும் இருக்கவில்லை.

அன்று சாயங்காலமே சன்னாசி மிச்சமிருந்த சுருட்டுகளை மடியில் கட்டிக்கொண்டு தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்கு அவனை இழுத்துப் போனான்.

"ஐயா, காலேசுல படிச்சீங்களே, என்ன செய்யலாம்?"

"காய்ந்துவிட்டது. ஈரம் ஏற்ற வேண்டும்" என்றான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சன்னாசிக்கு அதுவே போதுமாக இருந்தது. மனைவி பஞ்சாலை மரவள்ளிக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். சட்டிமேல் முறத்தை வைத்து இரண்டு சுருட்டுகளுக்கு ஆவி காட்டினான். அவை கொழுக்கட்டை மாதிரி ஊதின. ஒன்றின் மேலிலை நெடுக வெடித்தது. மற்றதைப் பற்றவைத்தால் ஏழு தரம் அணைந்தது. எட்டாவது தரம் நடுவில் மட்டும் எரிந்து, மேலிலை வெறும் குழாயாக நின்றது.

"ஊதினா நாதஸ்வரம் கேக்கும்போல" என்றாள் பஞ்சாலை.

"சிரிக்கிறியாடி? நான் சயாமுக்குப் போறேன், இவ சிரிக்கிறா!"

"பொட்டிய அடுப்புல வச்சவன் நீதானே? நான் சிரிக்காம என்னா செய்ய?" என்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது சிரித்து வந்த கண்ணீர் இல்லை என்று திருநாவுக்கரசுக்குத் தெரிந்தது. உள்ளே ஐந்து பிள்ளைகள் கிழங்குக்குக் காத்திருந்தன.

மூன்றாவது சுருட்டை ஆவி காட்டாமல் திருநாவுக்கரசே பற்றவைத்தான். மறுபடியும் ஒரு பக்கமாக ஓடியது. பஞ்சாலை சட்டென்று கட்டைவிரலை நாக்கில் தொட்டு, ஓடுகிற பக்கத்தில் நெருப்புக்கு முன்னால் ஒரு ஒற்று ஒற்றினாள். ஓட்டம் நின்றது. பின்தங்கிய பக்கம் மெதுவாக வந்து சேர்ந்துகொண்டது.

"இதை எங்கே கற்றுக்கொண்டாய்?" என்றான் திருநாவுக்கரசு.

"எங்கப்பன் பீடிக்கு இப்படித்தான் எச்சி வைக்கும். ஆனா இது நெருப்ப நிப்பாட்டும், அவ்வளவுதாங்க. காஞ்சது காஞ்சதுதான்." ஒரு சுருட்டை எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்தாள். "வெத்தலையக் கடையிலேருந்து வாங்கியாந்தா எப்படி வைப்போம்? தண்ணிக்குள்ள போட்டா அழுகும். வெயில்ல வச்சா சருகாயிரும். வாழமட்டைய ஈரம் தொடச்சு அடியில போட்டு, மூடி இருக்கிற பொட்டியில வைக்கணும். தண்ணி மேல படக்கூடாது. பக்கத்துல இருக்கணும்."

"உன்னிடம் வெற்றிலைப் பெட்டி இருக்கிறதா?"

"அத அரிசிக்குக் குடுத்து ஆறு மாசம் ஆச்சுங்க. லயத்துல யார்கிட்டயும் இல்ல. ஐயா வீட்டுல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அடுப்பைப் பார்த்துத் திரும்பி, எரிகிற விறகை எடுத்துத் திரும்பவும் அதே இடத்தில் வைத்தாள்.

திருநாவுக்கரசு வீட்டுக்குப் போனான்.

வள்ளிநாயகியின் வெற்றிலைப் பெட்டி அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. பித்தளை. மூடி இறுக்கமாக மூடும். எட்டு மாதமாக அதைத் தொடவில்லை. தொட்டால் என்ன ஆகும் என்று பலமுறை யோசித்திருக்கிறான். ஒன்றும் ஆகவில்லை. உள்ளே பாக்குவெட்டியும் சுண்ணாம்புச் சிமிழும் சருகாகிப்போன நான்கு வெற்றிலைகளும் இருந்தன. வெற்றிலையின் வாசனை இன்னும் இருந்தது. பாக்குவெட்டியையும் சிமிழையும் துணியில் சுற்றி வைத்தான். சருகுகளை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கணக்குப் புத்தகத்தின் நடுவில் வைத்து மூடினான்.

மறுநாளிலிருந்து அவனுக்குப் புது வேலை வந்தது. காலையில் பெட்டிக்குள் சுருட்டுகளுக்கு அடியில் இருக்கும் வாழைமட்டையை மாற்றுவான். மூடியின் உள்பக்கம் வியர்த்திருந்தால் கொஞ்ச நேரம் திறந்து வைப்பான். சாயங்காலம் ஒவ்வொரு சுருட்டையும் புரட்டி வைத்து, கிள்ளிப் பார்ப்பான். முதல் நாள் நொறுங்குகிற சத்தம் வந்தது. நான்காம் நாள் சத்தம் குறைந்தது. சன்னாசி ஒரு நாளைக்கு ஆறு தரம் வாசலில் வந்து நின்றான்.

"எப்படிங்கய்யா இருக்கு?"

"பரவாயில்லை."

"காய்ச்சல்காரனப் பாக்க வந்தாப்புல இருக்குய்யா எனக்கு."

எட்டாம் நாள் அமுக்கினால் சற்றே அமுங்கி, விட்டதும் எழுந்துகொண்டது. அன்று இரவு திருநாவுக்கரசு எட்டு மாதத்துக்குப் பிறகு விடியும்வரை தூங்கினான். காரணத்தை அவன் ஆராயவில்லை.

வெள்ளிக்கிழமை மேஜர் வந்தார். குட்டையான, பருத்த மனிதர். பங்களா வராந்தாவில் உட்கார்ந்தார். பக்கத்தில் நகாயாமா, பாதிப் புருவத்தோடு விறைப்பாக நின்றார். படிக்கு அருகில் சன்னாசி சாம்பல் தட்டோடு நின்றான். திருநாவுக்கரசு பெட்டியைத் திறந்து நீட்டினான். மேஜர் ஒன்றை எடுத்ததும் தீக்குச்சியைக் கிழித்தான். சுடர் சுருட்டில் படாமல் சற்றுத் தள்ளிப் பிடித்து, சுருட்டைச் சுற்றிச் சுற்றிக் காட்டச் சொல்லிச் சைகை செய்தான். முனை முழுவதும் சிவந்தது. மேஜர் இழுத்தார். புகை வந்தது. புருவங்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

சாம்பல் விழவில்லை. அரை அங்குலம் நின்றது, ஒரு அங்குலம் நின்றது. மேஜருக்கு அதில் ஆர்வம் வந்துவிட்டது. கையை அசைக்காமல், மூச்சை அளந்து விட்டுக்கொண்டு, வராந்தா முழுவதையும் அந்தச் சாம்பலைப் பார்க்கவைத்தார்.

அப்போதுதான் வலது பக்கம் நெருப்பு மெல்ல ஓட ஆரம்பித்தது.

சன்னாசி அதைப் பார்த்தான். நகாயாமாவும் பார்த்தார், கை சட்டைப் பைக்குப் போயிற்று. திருநாவுக்கரசு ஒரு அடி முன்னால் வந்து குனிந்தான். கட்டைவிரலை நாக்கில் தொட்டான். மேஜரின் வாயில் இருந்த சுருட்டில், ஓடுகிற நெருப்புக்கு முன்னால், ஒரு ஒற்று ஒற்றினான்.

ஜப்பானிய ராணுவத்தின் மேஜர் ஒருவருக்கு எச்சில் வைத்தாயிற்று.

மேஜர் கண்ணைத் தாழ்த்திச் சுருட்டின் நுனியைப் பார்த்தார். நெருப்பு நின்றது. மறுபக்கம் வந்து சேர்ந்தது. கோடு நேரானது. சாம்பல் அப்படியே இருந்தது. மேஜர் "ஹோ!" என்றார். பிறகு தானே கட்டைவிரலை நக்கி, தேவையே இல்லாத ஓரிடத்தில் ஒற்றிவிட்டுச் சிரித்தார். சிரித்ததில் சாம்பல் அவருடைய கால்சட்டையில் விழுந்தது. அதற்கும் சிரித்தார்.

நகாயாமா முகம் மலர்ந்தது. மேஜர் எழுந்தார். பெட்டியைக் கையால் தட்டி, காரில் வை என்று காட்டினார்.

"பெட்டியோடு கொடு" என்றார் நகாயாமா.

சரி என்ற சொல் திருநாவுக்கரசின் நாக்குவரை வந்தது. எட்டு மாதப் பழக்கம். சன்னாசி படியருகில் தலையை வேகமாக ஆட்டிக்கொண்டிருந்தான்: குடுங்க, குடுத்திருங்க.

"முடியாது" என்றான் திருநாவுக்கரசு.

அவனுக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது. "சுருட்டு உங்களுடையது. பெட்டி என் மனைவியுடையது. அவள் இறந்துவிட்டாள். பெட்டியைக் கொடுக்க முடியாது" என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

சன்னாசியின் கையிலிருந்த தட்டு கீழே விழுந்து இரண்டாக உடைந்தது. நகாயாமா மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். மேஜருக்கு ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்திருந்தது போலும். திருநாவுக்கரசை நிமிர்ந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். அதைத் தலைகீழாக நீட்டினார்.

திருநாவுக்கரசு சுருட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தொப்பிக்குள் அடுக்கினான். வாழைமட்டையில் ஒரு துண்டைக் கிழித்து அதன்மேல் வைத்து, "வெயில் ஆகாது" என்றான். மேஜர் வழுக்கைத் தலையோடு, தொப்பியைக் குழந்தையைத் தூக்குகிறமாதிரி ஏந்திக்கொண்டு காரில் ஏறிப் போனார்.

நகாயாமா தாளை எடுத்தார். ஒரு பெயரை அடித்தார். தன் சொட்டைப் புருவத்தைத் தடவிக்கொண்டே உள்ளே போனார்.

லயத்துக்குத் திரும்புகிற பாதையில் சன்னாசி பேச ஆரம்பித்தான். நிறுத்தவில்லை.

"ஐயா, பொட்டி போனாப் போவுதுன்னு விட்டிருக்கலாம்லா! அவனுக்குக் கோவம் வந்திருந்தா என் கதி என்ன? அஞ்சு புள்ளைங்கய்யா!"

"தெரியும். அந்த நேரத்தில் யோசிக்கவில்லை."

"யோசிக்கலியாமே! காலேசு படிச்சவரு யோசிக்கலியாம்!"

எதிரே ஓடிவந்த பஞ்சாலை சன்னாசியின் முகத்தைப் பார்த்தே விஷயத்தைத் தெரிந்துகொண்டாள். அப்படியே பாதையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து புருஷனின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "இனிமே எதையாச்சும் தொங்கவிடு, நானே சயாமுக்கு ஏத்திவிடுறேன்."

சன்னாசி முதுகைத் தேய்த்துக்கொண்டே திருநாவுக்கரசின் கையிலிருந்த பெட்டியை எட்டிப் பார்த்தான். மூக்கை உள்ளே விட்டு மோந்தான். முகத்தில் கவலை வந்தது.

"ஐயா, உள்ள ஒரே ஈரமா இருக்கு. பூஞ்சை புடிச்சிரும். குடுங்க, ரெண்டே ரெண்டு நாளு ஸ்மோக்கவுசுல..."

திருநாவுக்கரசு பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நடையை எட்டிப் போட்டான். சிரிப்பு தொண்டையில் வந்து இடித்தது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"நூலுகூட வச்சிருக்கேங்கய்யா!" என்று பின்னாலிருந்து சன்னாசி கத்தினான்.