பதில் இழுப்பு

சென்னையில் ஜெப்ஸி வேலை பார்த்த மருத்துவமனையில் அந்தப் பயிற்சிக்கு நியூரோஃபீட்பேக் என்று பெயர். தலையில் கம்பிகளை ஒட்டி மூளையின் மின்னலைகளைக் கணினியில் பார்ப்பார்கள். மனம் ஓரிடத்தில் நின்றால் திரையில் விமானம் பறக்கும், சிதறினால் இறங்கும். பார்க்கப் பார்க்க மூளை தானாகப் பழகிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. வசதியான வீட்டுப் பிள்ளைகள் காரில் வந்து பழகிவிட்டுப் போனார்கள்.

அம்மா இறந்தபின் ஜெப்ஸி தூத்துக்குடிக்கே திரும்பினாள். காசில்லாதவர்களுக்கும் இந்தப் பயிற்சி எட்ட வேண்டும் என்று கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஓர் அறை பிடித்தாள். பழைய லேப்டாப், அவளே பற்றவைத்த சின்ன சர்க்யூட், இலவச மென்பொருள். விலை கூடிய பசைக்குப் பதில் உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சு. உப்புக்கு இந்த ஊரில் என்ன பஞ்சம்? ஆனால் ஆட்கள்தான் வரவில்லை. தலையில் கரண்ட் வைக்கிறாளாம் என்று தெருவில் பேச்சு. காலையில் கதவைத் திறப்பாள், வேதம் வாசிப்பாள், சாயங்காலம் பூட்டுவாள். இடையில் தன் குரலைத் தானே கேட்காத நாட்கள் உண்டு.

ஒரு நாள் இஞ்ஞாசி வாசலில் வந்து நின்றார். கடலில் மூழ்கிச் சங்கு குளித்தவர். காது பழுதானதால் இனி முங்க முடியாது. படகில் இருந்துகொண்டு, கீழே போனவனின் கயிற்றைப் பிடிக்கலாம். ஆனால் மனைவி கிளாடிஸ் இறந்ததிலிருந்து மனம் ஒன்றில் நிற்கவில்லை. கீழே ஓர் உயிர் இருக்கையில் கவனம் தப்பும் ஆளிடம் கயிற்றைக் கொடுக்க முடியாது என்று படகுக்காரர் அம்புரோஸ் அவரைக் கரையிலேயே விட்டுவிட்டார்.

“தலையில கரண்ட் வைப்பியாமே?”

“நான் வைக்க மாட்டேன் அண்ணாச்சி. ஒங்க தலையில ஓடுதத பாக்க மட்டுந்தான் செய்வேன்.”

“எந்தலையிலயா? வீட்டுலயே கரண்ட் இல்ல பிள்ள.”

ஜெப்ஸிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

பஞ்சை வைத்தால் திரையில் கோடு கன்னாபின்னாவென்று துள்ளியது. தொட்டுப் பார்த்தாள். வைத்தியத்துக்குப் போகிறோம் என்று தலை நிறையத் தேங்காயெண்ணெய். அதன்மேல் கோயிலில் மந்திரித்துக் கொடுத்த எண்ணெய் வேறு.

“கோயில் எண்ணெயுமா ஆகாது?”

“சாமிக்கு ஆகும். பஞ்சுக்கு ஆகாது.”

பின்பக்கக் குழாயடியில் உட்கார வைத்து, சீயக்காய் போட்டுத் தலையை அலசிவிட்டாள். அவர் குனிந்தபடியே, “கிளாடிஸ் போனப்புறம் இந்தத் தலைய யாரும் தொடல” என்றார். ஜெப்ஸி இன்னொரு செம்புத் தண்ணீர் ஊற்றினாள்.

அவளுடைய கருவியில் விமானம் கிடையாது. மனம் நின்றால் திரையில் ஏறும் ஒரு பச்சைக் கம்பி, கூடவே சின்ன ‘பீப்’ சத்தம், அவ்வளவுதான். அந்தச் சன்னமான சத்தம் அவருடைய பழுதான காதுக்கு எட்டவில்லை. கம்பி ஏற வேண்டுமே என்று தவித்ததில் அது இறங்கிக்கொண்டே போனது.

“கடலடியில காதும் உதவாது, கண்ணும் அவ்வளவுக்கு உதவாது. கயிறுதான் பேசும். நம்ம ஒண்ணு இழுத்தா, மேல உள்ளவன் பதிலுக்கு ஒண்ணு இழுப்பான். ஆளு இருக்குன்னு அர்த்தம்” என்றார்.

ஜெப்ஸி யோசித்தாள். வலை பின்னும் நைலான் நூலை எடுத்து அவர் மணிக்கட்டில் கட்டினாள். மறுமுனையைத் தன் விரலில் சுற்றிக்கொண்டு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். கம்பி ஏறும்போதெல்லாம் நூலை மெல்ல இழுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தோள்கள் தளர்ந்தன.

அதன்பின் தவறாமல் வந்தார். பச்சைக் கம்பி முன்னைவிட அதிக நேரம் ஏறி நின்றது. குணமாகும் என்று ஜெப்ஸி வாக்குக் கொடுக்கவில்லை. ஜெபத்தில் மட்டும் அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டாள். தன் பெயரைச் சேர்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு பிற்பகல் அம்புரோஸ் வேவு பார்க்க வந்தவர்போல வாசலில் நின்றார். இருவரும் கவனிக்கவில்லை. அன்று ஜெப்ஸியின் அம்மாவுடைய பிறந்தநாள். திரையில் கம்பி ஏறிக்கொண்டிருந்தது. அவள் கண்ணில் அது படவில்லை. அடுக்களையில் அம்மா முதுகு காட்டி நிற்பது மட்டும் தெரிந்தது. விரலில் நூல் தொய்ந்து கிடந்தது.

நூல் அந்தப் பக்கமிருந்து அசைந்தது. ஒரே ஓர் இழுப்பு.

ஜெப்ஸி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். இஞ்ஞாசி திரும்பவில்லை, கண்ணும் திறக்கவில்லை.

“மேல ஆளு இருக்கா தாயி? எங்கயோ போயிட்ட மாதிரி இருந்துச்சு.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதிலுக்கு ஒன்று இழுத்தாள். “இருக்கேன் அண்ணாச்சி.”

வாசலில் அம்புரோஸ் தொண்டையைச் செருமினார். “ஏலே இஞ்ஞாசி, நாளைக்குப் படகுக்கு வந்துரு. எண்ணெயத் தேச்சுட்டு வந்து தொலைக்காத, கயிறு வழுக்கும்.”

இஞ்ஞாசி மணிக்கட்டிலிருந்த நூலை அவிழ்த்தார். அதைச் சுருட்டிக் கொடுக்காமல், ஒரு முனையை அவள் மேசைக்காலில் முடிந்து, மறுமுனையை ஜன்னல் கம்பி வழியாகச் சந்துப் பக்கம் விட்டு, நுனியில் ஒரு சங்குத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டார்.

மறுநாள் காலை ஜெப்ஸி வழக்கம்போல் கதவைத் திறந்து, நாற்காலியைத் துடைத்தாள். அதில் உட்கார ஆளில்லை. அவர் கடலுக்குத் திரும்பியது அவள் ஜெபத்தில் கேட்டதுதான்; ஆனாலும் அறை பெரிதாகிவிட்டிருந்தது. வேதத்தை விரித்தபோது, கடலுக்குப் போகிறவர்களின் செருப்புச் சத்தம் சந்தில் கேட்டது. ஜன்னலருகே நூல் விறைத்து, ஒருமுறை அசைந்தது.

அவள் எழுந்து போய்ப் பதிலுக்கு இழுத்தாள்.