நாலு மணி நேரப் பேச்சு

லிஃப்ட் இயக்குபவருக்கு ஐம்பத்தெட்டாம் வயதில் மிஞ்சியவை இருபத்து மூன்று வாக்கியங்கள். ‘ம்’ என்பதையும் சேர்த்தால் இருபத்து நான்கு. சேர்க்கலாமா என்பது உறுதியில்லை. தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்த மருத்துவர், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, வந்ததற்குச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

காரணம் லிஃப்ட் இயக்குபவரின் மகள். மாலை வகுப்பில் படத்தொகுப்பு படித்தவள், இறுதித் தேர்வுக்கு அப்பாவைப் பற்றிப் பன்னிரண்டு நிமிடப் படம் எடுத்தாள். அவர் பேசியது நாலு மணி நேரம். மாணவர்கள் எடுத்ததெல்லாம் வகுப்பின் பின்னறையில், கம்பிக் கதவுக்குள் இரைந்துகொண்டிருந்த பொது சர்வர் கணினியில் இருந்தது. அதைக் கவனித்துக்கொண்டவரை எல்லோரும் கேபிள் அண்ணன் என்பார்கள். எந்த வகுப்பு வந்தாலும் அவருக்கு ஒரே பாடம்தான்: "கனெக்ட் பண்ணு, உன் மெஷினுக்கு காப்பி எடு, கனெக்‌ஷனத் துண்டி. அதுக்கப்புறம் வெட்டு, குத்து, என்ன வேணா பண்ணு."

காப்பி எடுக்க ஐந்து மணி நேரம் ஆகும். வகுப்போ இரண்டு மணி நேரம். மகள் சர்வரில் இருந்த மூல ஒலியையே திறந்து, வெட்டி, அதன் மேலேயே சேமித்தாள். முதலில் இருமல் போனது. பிறகு முழங்கால் வலி, மேலாளர் மீதான வசவு, பாதியில் மறந்துபோன பழைய கதைகள். கேமராவுக்குப் பின்னால் நிற்பவரைக் கூப்பிடும் சொல் படத்தில் வரக்கூடாது என்பது வகுப்பு விதி. அவர் நாற்பத்தொரு இடத்தில் அவளை "அம்மாடி" என்று கூப்பிட்டிருந்தார். ஒவ்வொன்றாக எடுத்தாள்.

மறுநாள் வீட்டில் அவர் இருமியபோது சத்தம் வரவில்லை. மூன்றாம் நாள், படத்தில் தங்கிய வாக்கியங்கள் மட்டுமே வாயில் வந்தன.

"முப்பது வருஷத்துல இன்னைக்குத்தான் இந்த மனுஷன் குறை சொல்லாம சாப்பிடுறாரு. யாரும் கண்ணு வெச்சிடாதீங்க," என்றாள் அம்மா.

மகளுக்கு விளங்கிவிட்டது. கேபிள் அண்ணனிடம் ஓடினாள். அவர் வியப்படையவில்லை. "போன வருஷம் ஒருத்தன் அவன் வீட்டு ஜன்னலையே வெட்டிட்டான். இன்னும் அங்க சுவர்தான் இருக்கு. பழைய ஃபைலு ஏழு நாள் தனியா இருக்கும் தங்கச்சி, திரும்ப வெச்சிடலாம். ஆனா நீ வெட்டினது போயிடும். ரெண்டுக்கும் உனக்குக் குடுத்த எடம் பத்தாது."

"வெள்ளிக்கிழமை படத்த ஒப்படைக்கணும்ணா."

"அப்பாவா படமான்னு நான் கேக்க மாட்டேன். எனக்கு எதுக்கு வம்பு."

அவள் உட்கார்ந்து படத்தின் நிறம் திருத்தினாள். ஆறாம் நாள் ஒப்படைத்தாள். ஏழாம் நாள் அந்தச் சர்வரிலிருந்தே திரையிடல், கைதட்டல், புகைப்படம். எட்டாம் நாள் காலையில் போய் நின்றபோது, கேபிள் அண்ணன் திரையை அவள் பக்கம் திருப்பினார். காலியாக இருந்தது.

படத்துக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. ஒலித் துல்லியத்துக்குத் தனிப் பாராட்டும். அப்பாவிடம் இருக்கும் பதில்களுக்குப் பொருந்துகிற கேள்விகளை மட்டும் கேட்க அம்மா பழகிக்கொண்டாள். ஒரு வருஷத்தில் அக்கம்பக்கமும் பழகிக்கொண்டது. மகளுக்கு வெளியூரில் வேலை. வருஷத்துக்கு இரண்டு முறை வருவாள். வாசலில் அவளைக் கண்டதும் அவர் வாய் திறக்கும், மூடும். இருப்பதில் எது பொருந்தும் என்று வெகுநேரம் தேடுவார். கடைசியில், "எத்தனாவது மாடிக்குப் போகணுங்க?" என்பார்.

அந்த வீட்டுக்கு மாடி கிடையாது.

"நாலு," என்பாள் அவள். அவர் ஒதுங்கி வழி விடுவார்.