கையெழுத்து இல்லாத கீப்பர்

2003 ஜூலை இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை, தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியறையில் இருந்தவர்கள் இவர்கள்: பள்ளத்தாக்குக் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் இம்மானுவேல் வாத்தியார், அல்லிநகரம் அணியின் தலைவர் ஒச்சாண்டி, சின்னமனூர் அணியிலிருந்து தங்கமாயன், எங்கள் கெங்குவார்பட்டி அணியின் செயலாளரும் என் மனைவியின் தம்பியுமான சுருளிராஜன், பிறகு அதே அணியின் தலைவனான நான், முத்துவீரன் மகன் ராக்கப்பன். டீ கொண்டுவந்த ஆளையும் சேர்த்து ஆறு பேர். வேறு யாராவது தானும் அங்கே இருந்ததாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

அன்று பட்டியல் நாள். எங்கள் சங்கத்தில் ஒவ்வோர் அணியும் தன் ஆட்டக்காரர்களிடம் ஒரு வருடத்துக்கு ஃபாரத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். ஜூன் முப்பதுக்குள் கையெழுத்துப் போடாதவன் யாருக்கும் கட்டுப்பட்டவன் அல்ல. ஜூலை பதினைந்துக்குள் எந்த அணி வேண்டுமானாலும் அவனை எடுத்துக்கொள்ளலாம். 1988இல் சங்கம் தொடங்கியபோது இந்த விதியை எழுதியவன் நான்தான். ஏழாவது விதி. அதில் ஒரு கால்புள்ளியைக்கூட இதுவரை யாரும் மாற்றியதில்லை.

பட்டியலை வாசித்ததும், புதிதாக எடுத்தவர்களைப் பற்றி இன்னோர் அணியின் தலைவர் எழுந்து நின்று அபிப்பிராயம் சொல்வது வழக்கம். பேருக்குத்தான் இன்னோர் அணித் தலைவர். பதினைந்து வருடங்களாகச் சொல்லி வந்தவன் நான் ஒருவனே. அணிக்காரர்கள் முகம் சுளித்தாலும் நான் சொன்னதைச் சிறு நோட்டில் குறித்துக்கொண்டுதான் போவார்கள். நான் ஆளைப் பார்த்துச் சொல்வதில்லை, காலைப் பார்த்துச் சொல்கிறவன்.

அந்த வருடம் எல்லோருக்கும் ஆர்வம் அதிகம். முதல் தடவையாக அணிகள் மாதச் சம்பளம் கொடுத்து ஆள் எடுத்திருந்தன. வாத்தியார் அல்லிநகரத்தின் பட்டியலை எடுத்தார்.

"ஃபார்வர்டு, ஜோஸ்குட்டி, கட்டப்பனை."

"குமுளி டோர்னமென்ட்ல ரெண்டு ஆட்டம் பார்த்தேன்" என்றேன். "அறுபது நிமிசம் ஆடுவான். அதுக்கு மேல இடுப்புல கைய வச்சுக்கிட்டு மேகத்தைப் பார்ப்பான். மிச்ச முப்பது நிமிசத்துக்கு ஒச்சாண்டிதான் இறங்கணும்."

தங்கமாயன் சிரித்தார். "அப்ப ஒச்சாண்டி அண்ணனுக்கு இப்பவே ஒரு டிரவுசர் தைக்கக் குடுங்கப்பா."

"லெஃப்ட் விங், சின்னக்கருப்பு, மேகமலை எஸ்டேட்."

"நல்ல கால். மேட்டுல ஓடிப் பழகுன பய. சமதரையில பந்தையே தாண்டி ஓடிருவான். ஒரு மாசம் பொறுத்தா கோல் போடுவான். நல்லா எடுத்திருக்காக."

ஒச்சாண்டி பதில் பேசவில்லை. அது எனக்கு விசித்திரமாக இருந்தது. என் வாயிலிருந்து 'நல்லா எடுத்திருக்காக' என்று வந்தால் அவர் வழக்கமாகத் தொடையைத் தட்டிக்கொள்வார். அன்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாத்தியார் அடுத்த தாளைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"கோல்கீப்பர்" என்றார். சற்று நிறுத்தினார். "ரா. சூரியபிரகாஷ், கெங்குவார்பட்டி."

எனக்குக் காதில் விழுந்தது. புரியவில்லை. எங்கள் ஊரில் சூரியபிரகாஷ் என்று இன்னொருவன் இருக்கிறானா என்று யோசித்தேன். இல்லை. 1976இல் அந்தப் பெயரை நான் வைத்தபோது ஊரே வாய்க்குள் நுழையாத பெயர் என்று கேலி செய்தது. பிறகும் யாரும் தங்கள் பிள்ளைக்கு வைக்கவில்லை. பதினாறு வயதிலிருந்து பதினொரு வருடம் எங்கள் அணியின் கோலில் நின்றவன். அன்று காலையில் என் பைக்கைத் துடைத்து வாசலில் நிறுத்தியவன். என் மகன்.

"திரும்ப வாசிங்க" என்றேன்.

வாத்தியார் வாசிக்கவில்லை. தாளை என் பக்கம் நகர்த்தினார்.

கீழே கையெழுத்து இருந்தது. கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு நீண்டு, திரும்பி வந்து, பெயருக்கு அடியில் ஓடியது. கூட்டுறவு வங்கித் தாள்களில் அதைப் பார்த்திருக்கிறேன். நிலப் பத்திரத்தில் சாட்சியாகப் போட்டபோது பார்த்திருக்கிறேன். கால்பந்து ஃபாரத்தில் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

சுருளிராஜன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"இது செல்லாது. எங்க வீட்டுப் பய. அவனை எப்படி நீங்க எடுப்பீக?"

"ஃபாரத்தைக் காட்டுங்க சார்" என்றார் வாத்தியார். "இந்த வருசம் உங்க அணிக்கு அவர் போட்ட ஃபாரம்."

சுருளிராஜன் பையைத் திறந்தான். பதினாறு ஃபாரங்களையும் மேசையில் பரப்பினான். ஒருமுறை எண்ணினான். மறுபடி முதலிலிருந்து எண்ணினான்.

"அவனோடது எங்கடா?" என்றேன்.

"என்ன மச்சான் இப்படிக் கேக்கீக?" அவன் குரல் இறங்கிவிட்டது. "நீங்கதான சொன்னீக, வீட்டுப் பிள்ளைகிட்டப் போய் எழுதி வாங்குறது கேவலம்னு. இத்தனை வருசமும் அவன்கிட்ட நம்ம வாங்குனதே இல்லையே."

அவன் சொன்னது உண்மை. அதே சொல்லைத்தான் சொல்லியிருந்தேன். பெற்ற பிள்ளையிடம் கையெழுத்துக் கேட்பவன் பிள்ளையை நம்பாதவன் என்று நினைத்தேன். என் அப்பா பெயரில் ஓடுகிற அணிக்கு அவர் பேரன் எழுதிக் கொடுத்துவிட்டா ஆட வேண்டும்? அப்படித்தான் எனக்குத் தோன்றியது. பதினொரு வருடமும் அப்படியே தோன்றியது. என் மகன் என்பதால் சங்கத்திலும் யாரும் அவன் ஃபாரத்தைக் கேட்டதில்லை.

"நான் தேடிப் போகல அண்ணே" என்றார் ஒச்சாண்டி, தரையைப் பார்த்தபடியே. "மொத தேதி அவனாத்தான் வந்தான். நான் ஃபாரத்தைக் குடுக்கல. ஆறு நாள் இழுத்தடிச்சேன். நீங்க ஆள் விட்டுக் கூப்பிடுவீகன்னு பார்த்தேன். யாரும் வரல."

"ஏழாம் விதிப்படி அவர் ஃப்ரீ அய்யா" என்றார் வாத்தியார். "விதி நீங்க எழுதுனது."

தங்கமாயனால் சும்மா இருக்க முடியவில்லை. "பார்த்துக்கங்கப்பா, அடுத்த வருசம் ராக்கப்பன் அண்ணனையே யாராச்சும் ஃப்ரீயா எடுத்துட்டுப் போயிருவாக."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் டீ கிளாஸுக்குள் பார்க்கத் தொடங்கினார்.

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "இந்தப் பேருக்கு அபிப்பிராயம் வேணாம். அடுத்ததுக்குப் போயிருவோம்."

"ஏன் வேணாம்?" என்றேன்.

பதினைந்து வருடமாக ஊரார் பெற்ற பிள்ளைகளை நிறுத்தி வைத்து எடை போட்டவன் நான். என் பிள்ளையின் பெயர் வரும்போது வாயை மூடிக்கொண்டால், இத்தனை காலம் சொன்னதெல்லாம் என்ன ஆகும்? எழுந்தேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பிடித்ததை எல்லோரும் பார்த்தார்கள், அதை மறைக்கவில்லை.

"உயரம் போதும்" என்றேன். "கை சுத்தம். பிடிச்ச பந்து நழுவாது. பெனால்டியில மொதல்ல அசைய மாட்டான், அடிக்கிறவன் மனசு மாறுற வரைக்கும் அப்படியே நிப்பான். பின்னால இருந்து சத்தம் குடுக்க மாட்டான். வாயத் திறக்காத பய, கீப்பருக்கு அது குறைதான். இடது பக்கம் தரையோட வர்ற பந்துக்கு அரை நொடி பிந்துவான். அதுவும் குறை. இது ரெண்டையும் தள்ளிட்டுப் பார்த்தா, இந்த மாவட்டத்துல இவனை விட நல்ல கீப்பர் கிடையாது."

ஒச்சாண்டி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

"எடுத்தவுக நல்லா எடுத்திருக்காக" என்றேன். "விட்டவுகளுக்கு சைபர்."

உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் வைத்திருந்த டீயில் ஆடை படிந்துவிட்டது. சுருளிராஜன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். வாத்தியார் அடுத்து சின்னமனூர்ப் பட்டியலை வாசித்தார். அதில் யார் யார் இருந்தார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போனபோது என் மனைவி மொக்கம்மாள் சோறு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றேன்.

"தெரியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? பதினோரு வருசம், பதினோரு ஜூன் மாசம். எந்தம்பி ஃபாரக் கட்டைத் தூக்கிக்கிட்டு இந்த வாசலுக்கு வருவான். அத்தனை பயகளுக்கும் குடுப்பான். இவன் தூணுல சாஞ்சு நின்னு பார்த்துக்கிட்டு இருப்பான். ஒரு வருசமாச்சும் இவனுக்கு ஒண்ணு நீட்டுனீகளா?"

"அவனுக்கு எதுக்குடி ஃபாரம்? அவன் வீடு இது."

"அதை அவன்கிட்டச் சொன்னீகளா?"

சூரியபிரகாஷ் பின்வாசலில் கை கழுவிவிட்டு உள்ளே வந்தான். இருபத்தேழு வயது. என்னைவிட ஒரு சாண் உயரம். என்னைப் பார்த்ததும் நின்றான்.

"பட்டியல் வாசிச்சாகளா அப்பா?"

"வாசிச்சாக."

"ஏதும் சொன்னீகளா?"

அவனுக்கு அதுதான் வேண்டியிருந்தது. கோபப்படுவேனா, அடிப்பேனா, வீட்டை விட்டுப் போகச் சொல்வேனா என்றெல்லாம் அவன் நினைத்ததாகத் தெரியவில்லை. பட்டியல் நாளில் ஊரில் உள்ள ஒவ்வொருத்தனையும் பற்றி நான் சொன்னது வீடு வந்து சேரும். அவனைப் பற்றி மட்டும் எதுவும் வந்ததில்லை. அவன் புதிதாக எடுத்த ஆள் இல்லை. அதனால் பட்டியலில் அவன் பெயர் வந்ததே இல்லை. இது என் மண்டையில் ஏறவே அந்த நிமிடம் வரை ஆகியிருக்கிறது.

"ஒச்சாண்டிகிட்டக் கேட்டுக்க" என்றேன். "ஏன் போன?"

"நானாத்தான் போனேன். ஆனா அங்கன நாற்காலி போட்டு உக்கார வச்சுக் கேட்டாக அப்பா. ஆடுறியான்னு கேட்டாக." கொஞ்சம் நிறுத்தினான். "இங்கன யாரும் கேக்கல."

சாப்பிட உட்கார்ந்தோம். மொக்கம்மாள் இரண்டு பேருக்கும் ஒரே அளவாகக் குழம்பு ஊற்றினாள்.

அடுத்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். சங்கத்தில் மனு கொடுக்கச் சொன்னார்கள். கையெழுத்தைக் கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்று எழுதச் சொன்னார்கள். பெரியகுளத்தில் ஒரு வக்கீலைத் தெரியும் என்றான் சுருளிராஜன். எல்லோரிடமும் ஒன்றே சொன்னேன். விதி என்னுடையது. கையெழுத்து அவனுடையது. இரண்டையும் அழித்துவிட்டு நான் எந்த முகத்தோடு மைதானத்தில் போய் நிற்பது?

அவன் வீட்டை விட்டுப் போகவில்லை. விடியற்காலைப் பேருந்தில் அல்லிநகரத்துக்குப் போவான், பத்து மணிக்குத் திரும்பி வந்து தோப்பு வேலையைப் பார்ப்பான். ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் மொக்கம்மாள் அவன் முழங்கைக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தாள். முழங்கையிலிருந்து இடுப்பு வரை தோல் உரிந்திருந்தது. இடது பக்கம் மட்டும். வலது பக்கத்தில் ஒரு கீறல் இல்லை. பார்த்தேன்.

செப்டம்பரில் எங்கள் அணியும் அல்லிநகரமும் தேனியில் மோதின. பதினொரு வருடமாகக் கோலுக்குப் பின்னால் நின்றே ஆட்டம் பார்த்துப் பழகியவன் நான். கால் தானாக அங்கேதான் போனது. இப்போது அது எதிரணியின் கோல் என்பது பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது. திரும்பவில்லை. அங்கேயே நின்றேன்.

நான் மண்டபத்தில் சொன்னதைச் சுருளிராஜன் எங்கள் பையன்களிடம் சொல்லி வைத்திருந்தான். அதனால் அவர்கள் வேறெங்கும் அடிக்கவில்லை. இடது பக்கம், தரையோடு, மூன்று தடவை. முதல் பந்தை விரல் நுனியால் வெளியே தள்ளினான். இரண்டாவதை விழுந்து நெஞ்சோடு அணைத்தான். மூன்றாவது எட்டாது என்றே நான் முடிவு செய்துவிட்டேன். எங்கள் பையன்கள் கையைத் தூக்கிக் கத்தவும் தொடங்கிவிட்டார்கள். புழுதி அடங்கியபோது பந்து அவன் கைக்கு அடியில், கோல் கோட்டைத் தாண்டாமல் கிடந்தது. நான் மூச்சு விட மறந்து நின்றிருக்கிறேன். பக்கத்தில் நின்றவர் தோளைத் தொட்டு, "உடம்புக்கு முடியலையா அய்யா?" என்று கேட்டார்.

எழுபத்தெட்டாவது நிமிடத்தில் சின்னக்கருப்பு ஒரு கோல் போட்டான். அதற்குப் பிறகு யாரும் கோல் போடவில்லை. ஒன்றுக்கு சைபர், தோற்றது நாங்கள்.

அடுத்த ஜூன் மாதம் சுருளிராஜன் ஃபாரக் கட்டோடு வந்தபோது, அதில் ஒன்றை நான் உருவி எடுத்தேன். வாசலில் ஒரு நாற்காலி போட்டு மகனை உட்கார வைத்தேன். "நம்ம அணிக்கு ஆடுறியாப்பா?" என்று கேட்டேன். ஒரு வாரம் யோசிக்க வேண்டும் என்றான். சரி என்றேன். ஆறாவது நாள் கையெழுத்துப் போட்டான், அந்த நீளக் கோட்டோடு.

இதெல்லாம் நடந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. அல்லிநகரம் டீக்கடைகளில் இன்றும் ஒரு பேச்சு உண்டு. ராக்கப்பன் மகன் மேல் பாசம் வைத்து மண்டபத்தில் வேண்டுமென்றே பொய்யாக ஒரு குறையைச் சொன்னார், அதை நம்பி அவர் அணிப் பையன்களே ஏமாந்துபோனார்கள் என்று. அது தவறு. நான் பொய் சொல்லவில்லை. ஜூலை மாதம் அவன் இடது பக்கம் பிந்துகிறவன்தான். செப்டம்பரில் பிந்தவில்லை.